பழைய காரும் புதிய டயரும்

இலக்கியமும் வரலாறும் பேசுவதற்கென்றே ஏற்பட்ட இந்த மலரில், டயரைப் பற்றி எழுத முன்வந்திருக்கும் என்னைக் கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். "உனக்கு வேறு பொருளே அகப்படவில்லையா?" என்று என் அறை நண்பரே கேட்டுவிட்டார். அகப்படாமல் இல்லை. ஆனால் சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் நான் சொல்ல எழுந்ததைச் சொல்லி முடிக்க முடியாமற் போயிற்று. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மெஸ்ஸில் சோறு ஆறிக்கொண்டிருந்தது; அவர்கள்மேலும் குற்றம் இல்லை. அன்று வாயளவில் நின்றுபோனதை இன்று எழுத்தில் சொல்லுகிறேன். பொறுமையுடன் படித்துப் பார்த்து, பிறகு சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள்.

விஷயம் இதுதான். லேக் மார்க்கெட் பக்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், ஊரோடு திரும்பிச் செல்லும்போது தம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம் சங்கத்துக்கு அன்பளிப்பாக அளித்துச் சென்றார் என்பதை யாவரும் அறிவீர்கள். 1968-ஆம் ஆண்டு வண்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலையில் பிறந்தது. 1961 முதல் 1971 வரை பத்தாண்டுக் காலம் அங்கே அந்த வண்டி உருவாயிற்று. ஆக, நம்மைப் போலவே அதுவும் தமிழ்நாட்டில் பிறந்து வங்கத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளை. அதனால்தான் நமக்கு அதன்மேல் இவ்வளவு பாசம்.

வருகிற பொங்கல் விழாவுக்கு வரும் தலைவரை ஹவுரா நிலையத்திலிருந்து அந்த வண்டியில்தான் அழைத்து வரவேண்டும் என்று விழாக் குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்; நான் அதை எதிர்க்கவில்லை. இதற்காகத் திரட்டிய தொகை 60,000 ரூபாய். அதில் வர்ணத்துக்கு இவ்வளவு, முன்பின் பம்பருக்கு முலாம் பூச இவ்வளவு, மெத்தைக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டாயிற்று. பட்டியலின் கடைசி வரியில், "டயர் நான்கு, 6,000 ரூபாய்" என்று இருக்கிறது. எங்கோ ஒரு கிடங்கில், பல ஆண்டுகளாக ஒரு முறைகூட ஓடாத டயர்கள், ஹெரால்டின் அளவிலேயே இருக்கின்றனவாம். பட்டன் சிறிதும் தேயவில்லையாம். இதைவிட அதிர்ஷ்டம் உண்டா என்று குழுவினர் மகிழ்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் எதிர்க்கிறேன். அது பட்டியலின் முதல் வரியாக இருக்கவேண்டும்; அந்த 6,000 ரூபாய் டயரை எவரும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. இதுவே என் கட்சி.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம் படிப்பு அன்று, பட்ட பாடு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

என் மாமா இந்த நகரில் வேலை பார்ப்பவர். அவரிடம் 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் II ஒன்று உண்டு. சொந்தப் பிள்ளையைக்கூட அவ்வளவு துடைத்திருக்க மாட்டார். 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் டயர்கள் மொட்டையாகிவிட்டன. மோட்டார்ச் சாமான் விற்கும் ஒரு கடையில், அந்த வண்டிக்கே உரிய 5.90-15 அளவில், ஒருபோதும் ஓடாத டயர்கள் இருப்பதாக நான்தான் கண்டுபிடித்தேன். நான்தான் தட்டிப் பார்த்தேன். நான்தான் பட்டனில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தேன். "மாமா, புத்தம் புதியவை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சொன்னவனும் நான்தான். மருமகப்பிள்ளை எஞ்சினியரிங் படிக்கிறவன் அல்லவா? மாமா மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த மே மாதத்தில் திகா கடற்கரைக்குப் புறப்பட்டோம். மாமா ஓட்டினார். நான் முன்னால். பின்னால் மாமியும் இரண்டு பெண் குழந்தைகளும். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றிருப்போம். நண்பகல் வெயில். வேகம் அறுபது, அறுபத்தைந்துக்குமேல் இராது. முதலில் பின்புறத்திலிருந்து 'தப், தப்' என்று ஏதோ அடிக்கும் ஓசை. மாமா வேகத்தைக் குறைப்பதற்குள் பெரிய வெடிச் சத்தம். பின்பக்க இடது டயர் போய்விட்டது. வண்டியின் வால் ஒரு பக்கமாக வீசிற்று. மாமா பிரேக்கை அழுத்தாமல் ஸ்டீயரிங்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. வண்டி சாலையோரத்து மண்ணில் இறங்கி, வயல் வரப்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்னால் வந்த லாரி எங்களை உரசாமல் கூவிக்கொண்டே கடந்து சென்றது. மாமியின் முழங்கையில் சிராய்ப்பு. சின்னவளுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. வேறொன்றுமில்லை. ஆனால் அந்தக் குழந்தை அழவில்லை; பேசவும் இல்லை. அன்று மாலை வரை மாமியின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டன் ஆழமாகவே இருந்தது. ஆனால் அது பட்டை பட்டையாக உரிந்து, உள்ளிருக்கும் நூலிழைகளை விட்டுப் பிரிந்திருந்தது. பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள். உட்பக்கத்தில் சிறு எழுத்தில் ஓர் எண்: 238. அந்த எண்ணின் பொருள் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த டயர் அந்த வண்டிக்கு வந்திராது.

அந்த எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில், குறியீடுகளின் வரிசையின் முடிவில், சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது என்று பொருள். முதல் இரண்டு இலக்கம் வாரம். பின் இரண்டும் ஆண்டு. இது 2000-ஆம் ஆண்டு முதல் வந்த வழக்கம். அதற்குமுன் மூன்று இலக்கமே போட்டார்கள்: வாரத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு ஒன்று. 238 என்றால் எட்டில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். 1988-ஆ, 1998-ஆ? தாராளமாக 1998 என்றே கொண்டாலும், நான் "புத்தம் புதியது" என்று சொன்ன டயருக்கு அன்று வயது 24. ஆகவே நண்பர்களே, மூன்று இலக்கத்தைக் கண்டால் மேலே ஆராய வேண்டுவதில்லை. அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கத்தில் காணவில்லையென்றால் குனிந்து உட்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

"ஓடாத டயர் எப்படிக் கெடும்?" என்று கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ரப்பர் இரும்பைப் போன்றதன்று. அது வயதாகும் பொருள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அந்த உறுதிதான் டயருக்கு உயிர். ஆனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும், வெப்பமும், வெயிலும், ஓசோனும் அந்த ரப்பரைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கடையில் அடுக்கி வைத்திருந்தாலும் அந்த மாற்றம் நிற்பதில்லை. ரப்பர் இறுகுகிறது, நெகிழ்ச்சி போகிறது, இழையோடு ஒட்டியிருக்கும் பிடி தளர்கிறது. இதைத் தடுப்பதற்காக டயர் செய்கிறவர்கள் ஒருவகை மெழுகையும் காப்பு மருந்துகளையும் ரப்பரில் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் வளைந்து நெளிவதால் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பு அளிக்கும். ஓடாத டயருக்கு அந்தக் காப்பும் சரியாகக் கிட்டுவதில்லை. ஆகவே, ஓடாமல் கிடந்தது என்பது டயருக்குப் பெருமையன்று. அதன்மேல் ஐயப்படுவதற்கு இன்னும் ஒரு காரணம்.

நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள், கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று கூறுகின்றன. தினமும் ஓடும் வண்டிக்கு இது போதிய காவல். ஏனெனில் அதன் டயர் கிழமாவதற்குமுன் தேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டியிலோ டயர் தேய்வதற்குமுன் கிழமாகிவிடுகிறது. அதன் டயருக்குப் பட்டன் சாட்சியாகாது, எண்ணே சாட்சி. டயர் கம்பெனிகளே, பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டு ஆன டயரை மாற்றிவிடுவது நல்லது என்று அறிவுரை கூறுகின்றன. அந்த எல்லைக்கோட்டை நாமும் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இனி எதிர்க்கட்சியாருக்கு வருகிறேன். அவர்கள் ஒரே கட்சியினர் அல்லர், மூன்று பிரிவினர்.

முதற்பிரிவினர் பழமைப் பற்றாளர். "ஹெரால்டு பிறந்தபோது அதற்கு இருந்தது நைலான் டயர். ரேடியல் போட்டால் வண்டியின் உண்மை போய்விடும்" என்பது அவர்கள் வாதம். கடைக்காரர் நைலான் டயர் என்று சொல்வது, உள்ளே இழைகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும் டயரை. ரேடியலில் அப்படியில்லை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இழை நேர் குறுக்காகச் செல்லும். பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பி வேய்ந்த பட்டை டயரைச் சுற்றி இறுகக் கட்டியிருக்கும். அதனால் பக்கம் மெத்தென்று வளையும். தரையைத் தொடும் பாகமோ கலையாமல் பதிந்து ஓடும். நைலான் டயரில் பக்கம் நெளிந்தால் பட்டனும் உடன் நெளியும். சூடும் அதிகம், தேய்வும் அதிகம்.

உண்மை போய்விடும் என்பது பொருந்தாத பேச்சு. பிரான்சு நாட்டின் மிஷெலின் கம்பெனி ரேடியலுக்கு உரிமை பதிந்தது 1946-இல். விற்பனைக்குக் கொண்டுவந்தது 1949-இல். (அதே 1946-இல்தான் நம் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பார் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யும் சிறு கொட்டகை போட்டார், அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். ஆயிற்று.) ஆக, நம் ஹெரால்டு பிறந்த 1968-இல் ரேடியலுக்கு வயது ஏறக்குறைய இருபது. அதை நேற்று வந்த நாகரிகம் என்று ஒதுக்குவதற்கில்லை. மேலும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021-ஆம் ஆண்டு நடுவணரசு தனி விதிகள் வகுத்தது. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியிருக்கக்கூடாது என்று அவை கேட்கின்றன. டயரை அப்படிக் கேட்கவில்லை. சட்டம் செய்தவர்களும் எது வண்டி, எது வண்டியின் செருப்பு என்று வேறுபடுத்திப் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவின் கோட்டைப் பேரன் போட்டுக்கொள்ளலாம். அறுந்துபோன செருப்பையும் போட்டுக்கொண்டுதான் நடப்பேன் என்று எந்தப் பேரனும் சொல்வதில்லை.

ஆயினும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நைலான் டயர் தீண்டத்தகாத பொருளன்று. நிற்கும்போதும் மெல்லத் திரும்பும்போதும் அதில் ஸ்டீயரிங் இலேசாக இருக்கும். வளைவில் பிடி விடுவதாயின் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெல்ல வழுக்கும். ரேடியல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்து, விடும்போது சட்டென விடும். ஆகவே, உரிய அளவில், அண்மையில் வார்த்த நைலான் டயர் கிடைக்குமாயின் அதை ஐந்து வாங்கிப் போடுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். கிழட்டு ரேடியலைவிடப் புதிய நைலான் ஆயிரம் மடங்கு மேல். என் வழக்கு வகையைப் பற்றியதன்று, வயதைப் பற்றியது.

இரண்டாம் பிரிவினர் அழகுப் பிரியர். "அகலமான டயராகப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும்" என்கிறார்கள். இவர்களுக்கு விடை கணக்கில் இருக்கிறது. ஹெரால்டின் பழைய அளவு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம்மின் விட்டம். இன்று கடையில் 145/80 R13 என்று விற்பது இதற்கு இணையான ரேடியல்களுள் ஒன்று. பல சிறிய மாருதி வண்டிகளின் அளவு அது, எளிதில் கிடைக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம், அதாவது 116. மேலும் கீழுமாக இரண்டு 116, 232. ரிம் 13 அங்குலம், அதாவது 330. மொத்த உயரம் 562 மில்லிமீட்டர். 155/80 R13 போட்டால் 578 வரும்.

உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்துவிடக்கூடாது. ரிம்மின் அகலத்தையும் பார்க்கவேண்டும். நம் வண்டியின் ரிம்மை நான் அளந்தேன்: மூன்றரை அங்குலம். 145 டயர் மூன்றரை முதல் ஐந்து அங்குல ரிம் வரை பொருந்தும். 155-க்கு நான்கு அங்குலமாவது வேண்டும். அதற்கும் மேலே போய் 175, 185 என்று மாட்டினால், ஒடுங்கிய ரிம்மில் டயரின் விளிம்புகள் உள்ளிழுக்கப்பட்டு, நடுப்பாகம் உப்பி, தரையில் பதியவேண்டிய அகலம் பதியாது. பார்வைக்குக் கம்பீரம், பிடியில் பலவீனம். வளைவில் பக்கச் சட்டத்தில் உரசினால் அந்தக் கம்பீரமும் இல்லை. ஆகவே 145-தான்.

சுமையையும் பார்த்துவிட்டேன். 145/80 R13 டயரின்மேல் பெரும்பாலும் 75T என்று இருக்கும். 75 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 387 கிலோ தாங்கும், நான்கும் சேர்ந்து 1,548. தலைவரையும் மாலைகளையும் நம் செயலாளரையும் ஏற்றினாலும் நம் சிறு வண்டிக்கு இது தாராளம். T என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தைக் குறிப்பது. ஹெரால்டு அந்த வேகத்தைக் கனவிலும் கண்டிராது.

மூன்றாம் பிரிவினர் சிக்கனக்காரர். "இப்போது இரண்டு வாங்கி முன்னால் போடுவோம், பின்னால் பழையது இருக்கட்டும்" என்கிறார்கள். மூன்றினும் கொடியது இதுதான். ஹெரால்டில் மிகக் கொடியது. முன் சக்கரங்கள் ரேடியல், பின் சக்கரங்கள் நைலான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் முன்பக்கம் இறுகப் பிடிக்கும். பின்பக்கம் அவ்வளவு பிடிக்காது. வால் வெளியே வீசி வண்டி பம்பரமாகிவிடும். இரு வகையை ஒரே அச்சில் கலப்பது எந்த வண்டியிலும் ஆகாது. முன்பின்னாகக் கலந்தே தீரவேண்டுமென்றால், நல்ல பிடியுள்ள ரேடியல் பின்னால்தான் இருக்கவேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்களோ ஒவ்வொன்றும் தனித்தனியே, கீலில் ஆடும் கதவுபோல மேலும் கீழும் ஆடுபவை. கடும் வளைவில் அவை உட்புறமாக மடங்க முனையும். அதனால்தான் அந்த வண்டிக்குப் பின் டயரில் முன் டயரைவிடக் கூடுதலாகக் காற்று அடிக்கச் சொன்னார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பின்னால் கிழட்டு டயரை விட்டுவைப்பது சிக்கனமன்று.

நான்கு டயர் என்கிறார்கள். நான் ஐந்து என்கிறேன். ஸ்டெப்னியை மறந்துவிட்டோம். (வேல்சு நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904-இல் உபரிச் சக்கரம் செய்யத் தொடங்கியவர்களால் வந்த பெயர் அது. அவர்கள் மறைந்தாலும் பெயர் நம் பஞ்சர்க் கடைகளில் வாழ்கிறது.) பழைய வண்டிகளில் டிக்கியைத் திறந்தால், யாவற்றிலும் மூத்த டயர் அங்கேதான் படுத்திருக்கும். ஆபத்தில் கைகொடுக்க வேண்டியவர் எல்லாரினும் கிழவராக இருந்தால் என்ன பயன்?

பொருத்துவதைப் பற்றியும் சில சொல்லவேண்டும். நல்ல டயரையும் கெடுக்கவல்லது அவசரமான கை. மாமாவின் வண்டிக்குப் பிறகு ஐந்து புதிய டயர் வாங்கியபோது, நானும் ஒரு பஞ்சர்க் கடைக்காரரும் ஒரு முழுப் பகல் செலவிட்டோம். அவரிடம் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் ரிம். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, வால்வு வரும் துளையைச் சுற்றிலும் வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். துரு ஆழமாக அரித்திருந்தால் அந்த ரிம் உதவாது. இல்லையேல் நன்றாகத் தேய்த்து மெல்லிய வர்ணம் பூசி உலரவிட வேண்டும்.

அடுத்தது டியூப். இன்றைய ரேடியல்கள் பெரும்பாலும் டியூப் இல்லாதவை. ஆனால் அவற்றுக்கென்று செய்யும் ரிம்மில், டயரின் விளிம்பு நழுவாதபடி உட்புறத்தில் ஒரு மேடு இருக்கும். பழைய ரிம்மில் அந்த மேடு இல்லை. ஆகவே ரேடியலுக்கு உரிய புதிய டியூப் போடவேண்டும். பழைய டியூப் கூடாது. டயரின் உட்புறத்தில் காகிதச் சீட்டு ஒட்டியிருந்தால் கிழித்தெறிய வேண்டும். அந்தச் சிறு காகிதமே நாளடைவில் டியூபை அரித்துத் துளையிடும். உள்ளே மாக்கல் தூளைச் சிறிது தூவினால் டியூப் ஒட்டிக்கொள்ளாது.

மூன்றாவது, ஏற்றும் முறை. விளிம்பில் சோப்பு நீர் தடவலாம். எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது, அவை ரப்பருக்குப் பகை. சிறிது காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடிக்கவேண்டும். அப்போதுதான் டியூபின் சுருக்கம் நீங்கும். டயரின் ஓரத்தில் ரிம்மையொட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். ஓரிடத்தில் மறைந்தும் ஓரிடத்தில் தெரிந்தும் இருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பிறகு பேலன்சிங். வண்டியில் மாட்டும்போது நட்டுக்களை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கவேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும்.

கடைசியாகக் காற்று. ரேடியலின் பக்கம் இயல்பாகவே சற்று உப்பித் தெரியும். "காற்றுக் குறைவு" என்று கண்ணால் முடிவு செய்து மேலும் மேலும் அடிப்பவர் பலர். கண்ணை நம்பாமல் கேஜை நம்புங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்குமுன் அளங்கள். பழைய கைப்புத்தகத்தில் உள்ள அளவு நைலான் டயருக்குச் சொன்னது. ரேடியலுக்குப் பொதுவாக அதைவிடச் சிறிது கூடுதல் வேண்டும். பின்சக்கரத்துக்கு அதிகம் என்ற வேற்றுமையை மட்டும் மாற்றக்கூடாது.

செலவு என்ன ஆகும்? விசாரித்துவிட்டேன். ஐந்து டயர், ஐந்து டியூப், கூலி யாவும் சேர்த்துச் சுமார் 20,000 ரூபாய். "பட்டியலில் இடமில்லை" என்று பொருளாளர் சொல்லுவார். இடம் இருக்கிறது. முலாமை அடுத்த ஆண்டு பூசலாம். மெத்தைக்கு உறை தைக்க நம் விடுதியிலேயே கைத்திறமுள்ளவர்கள் உண்டு. வர்ணம் மங்கிய வண்டியில் வந்தேன் என்று எந்தத் தலைவரும் வருந்தமாட்டார். ஹவுரா பாலத்தின் நெரிசலில், டயர் வெடித்த வண்டியில் அவரை நிறுத்தினால் நாம் எந்த முகத்தோடு தமிழன் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவது?

முடிவாக ஒரு வேண்டுகோள். நாம் மாணவர்கள். இரண்டு ஆண்டில், நான்கு ஆண்டில் இந்த வளாகத்தை விட்டுப் போய்விடுவோம். வண்டி இங்கேயே இருக்கும். இன்று நாம் புதிய டயர் போட்டாலும், நமக்குப் பின் வரும் தம்பி தங்கையர் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதைப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு இரு முறை ஓடிய வண்டியில் பட்டன் அப்படியே இருக்கும். "புத்தம் புதியது" என்று அவர்களும் சொல்லுவார்கள், நான் என் மாமாவிடம் சொன்னதைப்போல. ஆகவே, டயர் வாங்கியதும் அந்த ஐந்து எண்களையும் நம் சங்கத்தின் பதிவேட்டில், உறுப்பினர் பெயர்ப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில், எழுதிவைக்க வேண்டும். பத்தாண்டு முடியும் தேதியையும் அதன் கீழ் எழுதவேண்டும்.

செயற்குழு இதை ஏற்றால், ரிம்மைச் சுரண்ட முதலில் வரும் கை என்னுடையதாக இருக்கும். கம்பித் தூரிகை என்னிடமே இருக்கிறது.